எஸ்யூவி வாங்கப் போகிறீர்களா? ஷோரூமுக்கு முன்னால் பட்டறைக்குப் போய் வாருங்கள்

தீபாவளிக்கு முந்தின நாள். தாப்பாவைத் தாண்டி வடக்கே போய்க்கொண்டிருந்தோம். சுங்கை சிப்புட்டில் சின்னம்மா வீடு. மீட்டர் பலகையில் மஞ்சள் நிறத்தில் ஒரு பல்சக்கரம் எரிந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, கியர் விழவில்லை. கண்ணாடிக் கூரை திறந்தது, தோல் இருக்கை ஜில்லென்று இருந்தது, பாட்டும் பாடிக்கொண்டிருந்தது. வண்டி மட்டும் நகரவில்லை. அம்மா முறுக்கு டின்னை அணைத்துக்கொண்டு நெடுஞ்சாலைத் தடுப்புக்கு வெளியே புல்லில் நின்றார்.

அது ஆறு வயதான ஓர் ஐரோப்பிய எஸ்யூவி. அழகுக்காக வாங்கினேன், மறைப்பானேன். பழுது பார்க்க 24 நாளும் 11,400 ரிங்கிட்டும் ஆயின. அதை விற்றுவிட்டு அடுத்ததை வாங்க ஐந்து மாதம் அலைந்தேன். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை, கோலாலம்பூர்ப் பக்கம் முதல்முறை எஸ்யூவி வாங்கப் போகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன். நான் செலவழித்ததாகச் சொல்லும் தொகையெல்லாம் என் கைக்கணக்கு. உங்களுக்குக் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

1. ஒரு வாரம் உங்கள் வீட்டையே கவனியுங்கள்

வண்டிப் படங்களை மூடிவிட்டு ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். ஏழு நாள், மூன்றே கேள்வி: யார் ஏறினார்கள், எவ்வளவு தூரம் போனீர்கள், எங்கே நிறுத்தினீர்கள்?

என் நோட்டில் வந்தது இது: வாரத்தில் ஐந்து நாள் நான் ஒருவன் மட்டும், செந்தூலிலிருந்து பெட்டாலிங் ஜெயாவுக்கு, நெரிசலில். சனிக்கிழமை அம்மாவை மருத்துவமனைக்கு. ஞாயிறு பத்துமலைப் பக்கம் கோயில், அப்புறம் சந்தை. ஏழு பேர் ஏறியது வருடத்துக்கு நான்கு முறை. அந்த நான்கு முறைக்காக நான் ஏழு இருக்கை வண்டி தேடிக்கொண்டிருந்தேன்! மூன்றாம் வரிசை உண்மையிலேயே வேண்டும் என்பவர்கள் வளர்ந்த ஆள் ஒருவரை அங்கே உட்காரவைத்துப் பாருங்கள். பல வண்டிகளில் முழங்கால் தாடையைத் தொடும்.

நிறுத்துமிடத்தையும் அளந்துவிடுங்கள். பழைய அடுக்குமாடிகளின் கார் நிறுத்துமிடத்தில் அகலமான வண்டியை விட்டால் கதவைப் பாதிதான் திறக்க முடியும்.

2. மாதத் தவணையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

விற்பனையாளர் முதலில் காட்டுவது ஒன்பது வருடத் தவணையைத்தான், ஏனென்றால் அதுதான் சின்னதாகத் தெரியும். 100,000 ரிங்கிட் கடன், தட்டை வட்டி 3 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது வருடத்தில் வட்டி 27,000, மாதம் சுமார் 1,176 ரிங்கிட். ஏழு வருடம் என்றால் வட்டி 21,000, மாதம் 1,440. ஐந்து வருடம் என்றால் 15,000, மாதம் 1,917. தட்டை வட்டியில், நீங்கள் அடைத்த அசலுக்கும் கடைசி மாதம் வரை வட்டி கணக்காகிறது. அதனால் 3 என்று சொல்வது உண்மையில் 5க்கு மேல் வரும். வீட்டுக்கடன் வட்டியோடு இதை ஒப்பிட்டுச் சந்தோஷப்படாதீர்கள்.

தவணைக்கு மேல் வருகிறவை:

சாலை வரி எஞ்சின் அளவைப் பொறுத்தது. தீபகற்ப மலேசியாவில் 1.5 லிட்டர் எஸ்யூவிக்கு ஆண்டுக்கு நூறு ரிங்கிட் அளவில் முடியும். 2.0 லிட்டருக்கு 360 அளவில். 2.5 லிட்டருக்குப் போனால் 750 அளவில் வரும்.

காப்புறுதியில் உங்கள் என்சிடி முக்கியம். இழப்பீடு கேட்காமல் ஓட்டினால் முதல் வருடத்துக்குப் பின் 25 விழுக்காடு கழிவு, பிறகு 30, 38.33, 45, கடைசியில் 55. பழைய வண்டியை விற்கும்போது அந்தக் கழிவைப் புது வண்டிக்கு மாற்றச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் யாரும் ஞாபகப்படுத்தமாட்டார்கள். வெள்ளத்துக்கான கூடுதல் காப்பையும் சேர்த்துவிடுங்கள். சாதாரண முழுக் காப்புறுதியில் வெள்ளம் தானாக அடங்காது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை வரை முங்கிய கார்களைப் பார்த்தவர்கள் இதில் கஞ்சத்தனம் பண்ணமாட்டார்கள்.

டயர் விஷயத்தில் நான் நன்றாகவே மாட்டினேன். பழைய வண்டியின் 19 அங்குலச் சக்கரம் பார்க்க ராஜா மாதிரி இருக்கும். நான்கு டயர் மாற்ற 2,900 ரிங்கிட். இப்போதைய 17 அங்குலத்துக்கு 1,300தான் ஆனது. குழியில் இறங்கும்போது இடுப்பும் தப்பிக்கிறது.

எண்ணெயும் அப்படித்தான். தயாரிப்பாளர் ரோன்97 பெட்ரோல் கேட்கும் எஞ்சினா என்று பெட்ரோல் மூடியின் உட்பக்கம் பாருங்கள். அரசு மானியம் ரோன்95க்குத்தான். 97இன் விலை வாராவாரம் சந்தையோடு ஏறி இறங்கும். டீசல் எஸ்யூவி சிக்கனம் என்ற பழைய பேச்சை 2024 ஜூனோடு மறந்துவிடுங்கள். தீபகற்பத்தில் மானியம் போய், ஒரே நாளில் லிட்டர் 2.15இலிருந்து 3.35 ரிங்கிட்டுக்குத் தாவியது.

3. நம்பகத்தைப் பட்டறையில் விசாரியுங்கள்

இந்தப் படியைத்தான் நான் முதல் தடவை தாண்டிப் போனேன்.

‘நல்ல பிராண்டா?’ என்று மாமாக் கடையில் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அதைவிட, உங்கள் மனத்திலிருக்கும் இரண்டு மூன்று மாடல்களின் பெயரை எழுதிக்கொண்டு, நீங்கள் வழக்கமாகப் போகும் ஃபோர்மேனிடம் (பட்டறை மெக்கானிக்கிடம்) காட்டுங்கள். ‘இது நல்லதா?’ என்று கேட்கவேண்டாம். ‘இதை நீங்கள் பிரித்திருக்கிறீர்களா? ஸ்பேர் பார்ட் எங்கே வாங்குவீர்கள்? எத்தனை நாளில் வரும்?’ என்று கேளுங்கள்.

எங்கள் ஃபோர்மேன் அண்ணன் அன்றைக்கு என் வண்டியின் கியர் எண்ணெயை வெள்ளை டிஷ்யூவில் இரண்டு சொட்டு விட்டுக் காட்டினார். கறுப்பாக இருந்தது. விளக்குக்கு நேரே சாய்த்தபோது உள்ளே மினுமினு என்று இரும்புத் தூள். “காடி நல்ல காடிதான் தம்பி. சாமான்தான் இங்க இல்ல, கப்பல்ல இருக்கு” என்றார். 24 நாளில் 19 நாள் அந்தச் சாமானுக்காகக் காத்திருந்தது. அதே கோளாறு, பொருள் இங்கேயே கெப்போங்கில் கிடைக்கிற ஒரு வண்டிக்கு வந்திருந்தால் ஒரு வாரத்தில் ஓடியிருப்பேன். ஒரு வண்டி எத்தனை முறை கெடும் என்பதை மட்டும் பார்த்துப் பயனில்லை. கெட்டால் எத்தனை நாள் நிற்கும், எவ்வளவு பிடுங்கும் என்பதையும் சேர்த்துத்தான் நான் இப்போது நம்பகம் என்கிறேன்.

அப்புறம் ஸ்பேர் பார்ட் கடை இரண்டுக்குத் தொலைபேசி போடுங்கள். ஐந்து பொருளின் விலையும் இருப்பும் கேளுங்கள்: முன் அப்சார்பர், ரேடியேட்டர், ஏர்கான் கம்ப்ரசர், முன் விளக்கு, எஞ்சின் மவுண்டிங். அரை மணி நேர வேலை. ‘ஆர்டர் போடணும்’ என்ற பதில் மூன்று முறை வந்தால் அந்த மாடலைப் பட்டியலில் கீழே இறக்குங்கள்.

கியர்பெட்டி எந்த வகை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மாஸ்டா சிஎக்ஸ்-5 பழைய பாணி டார்க் கன்வெர்ட்டர் ஆறு கியரோடு வருகிறது. நெரிசலைத் தாங்கும், பழக்கப்பட்ட கைகள் நிறைய. பெட்ரோலில் மட்டும் ஓடும் ஹோண்டா எச்ஆர்-வி, டொயோட்டா கொரோலா கிராஸ் போன்றவை சிவிடி, அதாவது படிப்படியான கியர் இல்லாத வகை. வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் கியர் எண்ணெயைக் காலத்தில் மாற்றவேண்டும். ‘ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை’ என்று யாராவது சொன்னால், யாருடைய ஆயுள் என்று கேளுங்கள். புரோட்டோன் எக்ஸ்50இல் இருப்பது எண்ணெயில் ஊறிய இரட்டைக் கிளட்ச். இரட்டைக் கிளட்சில் உலர்ந்த வகையும் உண்டு. எம்ஆர்ஆர்2 சுற்றுச்சாலையில் மாலை ஆறு மணிக்கு ஊர்ந்து ஊர்ந்து போவது அதற்கு ஆகாது, சூடேறிவிடும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கட்டாயம் கேட்கவேண்டும்.

உத்தரவாதத்தில் வருட எண்ணிக்கையைப் பார்த்ததும் மயங்காதீர்கள். ஐந்து வருடம், கி.மீ. வரம்பில்லை என்பார்கள். பத்து வருடம், பத்து லட்சம் கி.மீ. என்றும் வருகிறது, ஆனால் அது எஞ்சினுக்கு மட்டுமா, வண்டி முழுமைக்குமா? கையேட்டில் கடைசிப் பக்கங்களைப் படியுங்கள். ஒரு சர்வீஸை வெளிப்பட்டறையில் செய்தாலோ தவறவிட்டாலோ என்ன ஆகும் என்பது அங்கேதான் இருக்கும்.

4. எந்தச் சொகுசு உங்களோடு வரும் என்று பிரியுங்கள்

நம்பகம்தான் எல்லாம், மற்றதெல்லாம் வீண் என்று சொல்ல நான் வரவில்லை. என் மனைவி இன்றும் அந்தப் பழைய இருக்கையை நினைத்துப் பெருமூச்சு விடுகிறாள். அவள் சொல்வது நியாயம்தான். தினமும் இரண்டு மணி நேரம் நெரிசலில் உட்காரும் ஊரில் இருக்கை ஆடம்பரமாகாது.

உடம்புக்கு வேண்டிய சொகுசு வேறு, ஷோரூமில் கண்ணைப் பறிப்பது வேறு. முதல் வகையில் நான் விட்டுக்கொடுக்காதவை: பின்னிருக்கைக்குத் தனி ஏர்கான் துவாரம், இடுப்புத் தாங்கல், இருக்கையின் உயரம். அம்மாவுக்கு முழங்கால் வலி. மூன்று வண்டிகளில் அவரை ஏறி இறங்கச் சொன்னோம். ஒன்றில் எம்பி ஏறவேண்டியிருந்தது, சேலை ஓரம் அடிப்பலகையில் மாட்டியது. இன்னொன்றில் தாழ்வாக இருந்து எழுந்திருக்கச் சிரமப்பட்டார். மூன்றாவதில் பின்னால் திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொண்டார், யாரையும் பிடித்துக்கொள்ளவில்லை. வாங்கியது அதைத்தான். குழந்தை இருக்கை வைப்பவர்கள் அதையும் தூக்கிக்கொண்டு போய்ப் பொருத்திப் பாருங்கள். 2020இலிருந்து தனியார் வண்டிகளில் அது கட்டாயம்.

இரண்டாம் வகைக்குக் கண்ணாடிக் கூரை நல்ல உதாரணம். நம் வெயிலில் வருடத்துக்கு எத்தனை முறை திறப்பீர்கள்? நான் திறந்தது பெரும்பாலும் நண்பர்களுக்குக் காட்ட. அதன் ஓரத்தில் மழைநீர் வடியும் குழாய்கள் தூசியும் இலையும் அடைத்தால் தண்ணீர் உள்கூரைத் துணியில் இறங்கும். எனக்கு இறங்கியது. பிள்ளைகள் கூரையில் மலேசிய வரைபடம் தெரிகிறது என்றார்கள்.

வெளிச்சக் கீற்று, தொடாமலே திறக்கும் பின்கதவு, பெரிய திரை எல்லாம் இந்த வகைதான். ஆனால் ஏர்கானைக்கூடத் திரைக்குள் போய் மாற்றவேண்டிய வண்டி என்றால் நான் ஒதுங்கிவிடுவேன். சுற்றிலும் காட்டும் கேமராவை ஷோரூம் வகையில் சேர்க்கவேண்டாம். பேரங்காடிச் சுழல்பாதையில் அது சோறு போடும்.

5. அழகு

அழகில் பாதியைப் பிறகு காசு கொடுத்துச் சேர்க்கலாம், கியர்பெட்டியின் தரத்தை அப்படிச் சேர்க்க முடியாது. ஆகவே வரிசையில் கடைசி. இரண்டு எச்சரிக்கை மட்டும். டின்ட் ஒட்டும்போது முன் கண்ணாடியில் 70 விழுக்காடும் முன் பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடும் வெளிச்சம் ஊடுருவவேண்டும். பின்பக்கம் உங்கள் விருப்பம். ‘பாடிகிட் இலவசம்’ என்றால் அதற்குப் பதில் அந்தப் பணத்தை விலையில் கழிக்கச் சொல்லுங்கள், இலவசமா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும்.

6. ஓட்டிப் பார்ப்பதைப் பிற்பகல் ஒரு மணிக்கு வையுங்கள்

காலை பத்து மணிக்கு எந்த வண்டியின் ஏர்கானும் நன்றாகத்தான் இருக்கும். வெயிலில் நின்ற வண்டியைக் கேளுங்கள். விற்பனையாளர் பத்து நிமிடச் சுற்று ஒன்று வைத்திருப்பார், வழவழப்பான சாலையாகப் பார்த்து. பணிவாக மறுத்துவிட்டு ஒரு நெரிசல், ஒரு வேகத்தடை, ஒரு ஏற்றம், ஒரு கார் நிறுத்துமிடச் சுழல்பாதை வேண்டும் என்று சொல்லுங்கள். காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றம் வரை விட்டால் அதிர்ஷ்டம்தான். பாட்டை அணைத்துவிடுங்கள். பின்னிருக்கையில் வீட்டுப் பெரியவர் இருக்கட்டும், ஓட்டுகிறவருக்குத் தெரியாத குலுக்கல் அவருக்குத் தெரியும்.

7. பழைய வண்டி, ரீகான் வண்டி: பொறிகள்

முதல் பொறி ‘புஸ்பாகோம் பாஸ்’, அதாவது வாகனப் பரிசோதனை நிலையத்தில் தேறிய வண்டி என்ற பேச்சு. உரிமை மாற்றத்துக்கு பி5, கடனுக்கு பி7 என்று பரிசோதனை உண்டு. எஞ்சின் எண், சேசிஸ் எண், சட்டத்துக்குப் புறம்பான மாற்றங்கள் போன்றவற்றைப் பார்ப்பது அதன் வேலை. கியர்பெட்டி இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று அது சொல்லாது. என் முதல் வண்டியும் பாஸ் பண்ணிய வண்டிதான். உங்கள் ஃபோர்மேனைக் கூட்டிப் போங்கள். நான் 200 ரிங்கிட்டும் பகல் சாப்பாடும் கொடுத்தேன். அவர் நிராகரித்த இரண்டு வண்டிக்கும் சேர்த்தால்கூட மலிவு.

இரண்டாவது வெள்ளத்தில் முங்கிய வண்டி. உள்ளே எவ்வளவு கழுவினாலும் சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்தால் கடைசி முழத்தில் சேற்றுக் கறை நிற்கும். ஸ்பேர் டயர் குழி, இருக்கை அடியில் போல்ட் துரு, கம்பளத்துக்குக் கீழே ஈர நாற்றம் இவற்றையும் பாருங்கள். அளவுக்கு மீறிய வாசனைத் திரவியம் அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

மூன்றாவது ரீகான், அதாவது வெளிநாட்டில் ஓடி இங்கே இறக்குமதியாகும் வண்டி. ஜப்பானிலிருந்து வரும் டொயோட்டா ஹாரியர் மாதிரி வண்டிகளுக்கு அங்கே ஏலத் தாள் இருக்கும். தரப் புள்ளி, கி.மீ., கீறல்கள் எல்லாம் அதில் குறித்திருக்கும். கைப்பேசியில் காட்டும் படம் போதாது. தாளின் நகலை வாங்கி, சேசிஸ் எண்ணைப் போட்டு நீங்களே சரிபாருங்கள். பழைய வண்டியின் மீட்டரை சர்வீஸ் பதிவோடு ஒப்பிடுங்கள். பதிவுப் புத்தகம் தொலைந்துவிட்டது என்றால் விலையைக் குறைக்காமல் பேசாதீர்கள்.

8. பத்திரங்கள்

கடனுக்கு: மைகார்டு நகல், ஓட்டுநர் உரிமம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, மூன்று மாத வங்கி அறிக்கை, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) அறிக்கை, முதலாளி தரும் ஆண்டு வருமான இஏ படிவம். சொந்தத் தொழில் என்றால் எஸ்எஸ்எம் (நிறுவன ஆணையம்) பதிவு, ஆறு மாத வங்கி அறிக்கை, வருமானவரிப் படிவமும் கட்டிய ரசீதும். இதையெல்லாம் கொடுப்பதற்கு முன் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிரிஸ் கடன் அறிக்கையை இலவசமாக எடுத்துப் பாருங்கள். மறந்துபோன பிடிபிடிஎன் கல்விக்கடன் பாக்கி அங்கே உட்கார்ந்திருக்கும். என் தம்பிக்கு அதனால்தான் ஒரு வங்கி மறுத்தது.

பழைய வண்டி மாற்ற: அசல் கெரான் (வண்டி உரிமைச் சான்று), பரிசோதனை அறிக்கை, உங்கள் பெயரில் காப்புறுதி, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேவில் இருவரின் கைரேகை. விற்பவரின் கடன் தீர்ந்து வங்கி தன் உரிமைக் கோரிக்கையை நீக்கியிருக்கவேண்டும். சம்மன் பாக்கியால் வண்டி கறுப்புப் பட்டியலில் இருந்தால் மாற்றம் நடக்காது, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதை விசாரியுங்கள்.

புக்கிங் பணத்துக்கு ரசீது வேண்டும். கடன் கிடைக்காவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதை அந்த ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். நான் வாய்ப்பேச்சை நம்பி 500 ரிங்கிட் இழந்தேன்.

9. நாள் கணக்கு

எனக்குக் கடன் மூன்று வேலை நாளில் தெரிந்தது. பரிசோதனை, காப்புறுதி, மாற்றம் எல்லாம் சேர்ந்து இன்னும் எட்டு நாள். பெருநாளுக்கு முந்தின இரண்டு வாரத்தில் இறங்காதீர்கள், எல்லாரும் அப்போதுதான் வண்டி கேட்பார்கள். டிசம்பரில் கழிவு நன்றாக வரும், ஆனால் ஜனவரியிலேயே வண்டிக்கு ஒரு வயது கூடிவிடும். பத்து வருடம் வைத்திருப்பவர் டிசம்பரில் வாங்கலாம். நான்கு வருடத்தில் விற்கும் பழக்கமுள்ளவர் ஜனவரிப் பதிவைக் கேட்பது நல்லது.

வண்டி எடுக்கும் நாளில் மழை பெய்தால் இன்னொரு நாள் போங்கள். ஈரத்தில் பெயின்ட் குறை தெரியாது. கையெழுத்துக்கு முன் நான்கு பக்கமும் படம் பிடித்து, மீட்டரையும் சேசிஸ் எண்ணையும் எடுத்து வையுங்கள். விற்பனையாளரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். பேச்சு மாறினால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே பதியலாம், கட்டணம் 5 ரிங்கிட். அங்கே முதலில் கேட்பது அந்த ரசீதையும் செய்திகளையும்தான்.